எந்த மண்ணில் ஏழை வீட்டுப் பிள்ளை மேலே வருகிறது?

வாசகர் கேள்வி – பதில்

"அமெரிக்காவில் உழைத்தால் எவரும் உயரலாம் என்பது பாதி உண்மைதான்" என்று சென்ற மாதம் ஒரு கேள்விக்கு இரண்டு வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களைப் படித்தபோது, இப்படி அவசரமாகக் கடந்து போயிருக்கக் கூடாது என்று தோன்றியது. அதனால் இம்மாதப் பகுதி முழுவதையும் அந்த ஒரே விஷயத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் பேத்தியின் பெயர் சூட்டு விழாவுக்கு என் தம்பி மகன் அமெரிக்காவின் சார்லட் நகரிலிருந்தும், தங்கை மகள் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரிலிருந்தும் வந்திருந்தார்கள். திறமைக்கு மதிப்பு அமெரிக்காவில்தான் என்று அவனும், சம்பளத்தில் பெரும்பகுதி வரியாகப் போனாலும் பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணி இரவில் விழித்திருக்க வேண்டியதில்லை என்று அவளும் வாதிட்டார்கள். யார் சொல்வது சரி?
– ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், நிபோங் திபால்

பதில்: ஐயா, இருவரும் தாங்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் உங்கள் தம்பி மகன் பட்டப் படிப்பை முடித்த பிறகு சார்லட் நகருக்குப் போனவர் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவர் கண்ட சார்லட்டும், அதே நகரில் வறுமைப்பட்ட வீட்டில் பிறந்த ஒரு குழந்தை காணும் சார்லட்டும் ஒன்றல்ல. இதைத் துல்லியமாகக் காட்டியவர் நம் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஒருவர் என்பதைச் சொல்ல எனக்குப் பெருமையாக இருக்கிறது. புதுடில்லியில் பிறந்து, ஒன்பது வயதில் பெற்றோருடன் அமெரிக்கா சென்று, இன்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருக்கும் ராஜ் செட்டியும் அவருடைய குழுவினரும், 4 கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர்கள் ஆகியோரின் வருமான வரிப் பதிவுகளைப் பெயர் நீக்கிய நிலையில் ஆராய்ந்து, 2014இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள்.

அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. வருமானத்தில் கடைசி ஐந்தில் ஒரு பங்கில் இருக்கும் குடும்பத்தில் பிறந்த நூறு பிள்ளைகளில், வளர்ந்த பிறகு முதல் ஐந்தில் ஒரு பங்கினருக்குள் நுழைபவர்கள் எத்தனை பேர்? பெற்றோரின் நிலை பிள்ளையைச் சிறிதும் பாதிக்கவில்லை என்றால் விடை 20 ஆக இருக்க வேண்டும். அமெரிக்கா முழுவதற்கும் கிடைத்த விடை 7.5. அந்த ஆய்வே ஒப்பீட்டுக்கு எடுத்துக்காட்டும் டென்மார்க் கணக்கு 11.7. கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் 12.9 என்றும், உங்கள் தம்பி மகன் வாழும் சார்லட்டில் 4.4 என்றும் வந்தது. அமெரிக்காவின் மிகப் பெரிய வங்கிகளுள் ஒன்றின் தலைமையகம் இருக்கும் நகரம் அது. வேலைக்கும் பணத்துக்கும் அங்கே பஞ்சமில்லை. இருந்தும் அந்த நகரத்து ஏழைக் குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேரே மேலே வருகிறார்கள். மேலே இருக்கும் நாற்காலிகளில் வெளியூரிலிருந்து படித்துவிட்டு வருபவர்கள் அமர்கிறார்கள்; உள்ளூரில் கீழே பிறந்தவர் கீழேயே நிற்கிறார். இந்தக் கணக்கு வெளிவந்தபோது அந்த நகரத்துப் பெரியவர்களே அதிர்ந்து போனார்கள்.

ஆகவே உங்கள் வீட்டு வாதத்துக்கு என் தீர்ப்பைக் கேட்டால், அமெரிக்கா என்ற ஒரே நாட்டைப் பற்றிப் பேசுவதே பிழை என்பேன். சான் ஹோசே டென்மார்க்கைப் போல இருக்கிறது. சார்லட் அப்படி இல்லை. பணக்காரரும் ஏழையரும் கலந்து வாழும் ஊர், தொடக்கப்பள்ளி நன்றாக இருக்கும் ஊர், அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் ஊர், இவற்றிலெல்லாம் பிள்ளைகள் மேலே வருகிறார்கள் என்பது அந்த ஆய்வில் திரும்பத் திரும்பத் தெரிந்தது.

கேள்வி: ஐரோப்பாவைச் சொர்க்கமாகக் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பாதிச் சம்பளத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் இடத்தில் யாருக்கு உழைக்க மனம் வரும்? நீங்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டீர்களா?
– கணக்காய்வாளர், பெட்டாலிங் சாலை, கோலாலம்பூர்

பதில்: சேரவில்லை, ஐயா. உங்கள் தொழில் கணக்காய்வு என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். வருமான ஏற்றத்தாழ்வை அளக்க உலகம் பயன்படுத்தும் ஜினி குறியெண்ணை நீங்கள் அறிவீர்கள். எல்லோருக்கும் ஒரே வருமானம் என்றால் 0, ஒருவரே அத்தனையையும் வைத்திருந்தால் 1. வரி பிடித்தம் செய்வதற்கும் அரசாங்கத்தின் உதவித்தொகை சேர்வதற்கும் முன்னால் உள்ள வருமானத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், அமெரிக்காவின் எண்ணும் பிரான்சின் எண்ணும் ஏறத்தாழ 0.5 என்ற ஒரே இடத்தில் நிற்கின்றன. அதாவது சந்தை இரண்டு நாடுகளிலும் மக்களை ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் பிரித்து வைக்கிறது. வரியும் உதவித்தொகையும் தம் வேலையைச் செய்து முடித்த பிறகு பார்த்தால், பிரான்ஸ் 0.3க்கு அருகில் இறங்கிவிடுகிறது, அமெரிக்கா 0.4க்குச் சற்றுக் கீழே நின்றுவிடுகிறது. இரு நாடுகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டில் மிகப் பெரும்பகுதி இந்த இரண்டாம் கட்டத்தில்தான் பிறக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிக முக்கியமாகத் தோன்றும் செய்தியும் இதுவே. அமெரிக்கர்கள் பேராசைக்காரர்கள், ஐரோப்பியர்கள் பெருந்தன்மையானவர்கள் என்ற பேச்சுக்கெல்லாம் இதில் இடமில்லை. இரு நாடுகளும் வெவ்வேறு சட்டங்களை எழுதிக்கொண்டன, அவ்வளவுதான்.

சந்தையே மக்களை அவ்வளவாகப் பிரிக்காத நாடுகளும் உண்டு. டென்மார்க்கில் சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் கிடையாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அங்கே தொழிலாளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்சங்கத்தில் இருக்கிறார்கள். சங்கமும் முதலாளிகளும் உட்கார்ந்து பேசித்தான் சம்பளத்தை முடிவு செய்கிறார்கள். அமெரிக்காவில் சங்கத்தில் இருப்பவர்கள் பத்தில் ஒருவர். அங்கே கூட்டாட்சி அரசின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 7.25 டாலர் என்று 2009ஆம் ஆண்டு ஜூலையில் நிர்ணயிக்கப்பட்டது, அது இன்றுவரை அசையவில்லை. பல மாநிலங்கள் தாமாகவே கூட்டிக் கொடுக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் பக்க நியாயம். ஐரோப்பா ஒரே நாடல்ல. ஓ.இ.சி.டி. எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு 2018இல் ஒரு கணக்குப் போட்டது: வருமானத்தில் அடித்தட்டில் இருக்கும் ஒரு குடும்பத்தின் வாரிசுகள் அந்நாட்டின் சராசரி வருமானத்தை எட்ட எத்தனை தலைமுறை ஆகும்? டென்மார்க்கில் 2, சுவீடன், நார்வே, பின்லாந்து ஆகியவற்றில் 3, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 5, ஜெர்மனியிலும் பிரான்சிலும் 6. நலத்திட்டங்களுக்குப் பெயர் போன பிரான்ஸ் இந்த வரிசையில் அமெரிக்காவுக்குப் பின்னால் நிற்கிறது. கணக்கிடும் முறை மாறும்போது ஜெர்மனியின் இடம் மாறுகிறது, சில ஆய்வுகளில் அது அமெரிக்காவை முந்துகிறது. டென்மார்க்கின் இடம் மட்டும் எந்த முறையிலும் முன்வரிசையிலேயே இருக்கிறது.

ஜெர்மனியில் என்ன தடை என்று கேட்பீர்கள். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்தவுடன், ஏறக்குறைய பத்து வயதில், பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு இட்டுச் செல்லும் கிம்னாசியம் ஒருபுறம், தொழிற்பயிற்சிக்கு இட்டுச் செல்லும் பள்ளிகள் மறுபுறம். பத்து வயதில் ஒரு குழந்தை எப்படிப் படிக்கிறது என்பது பெரும்பாலும் அதன் பெற்றோர் வீட்டில் என்ன பேசுகிறார்கள், எத்தனை புத்தகம் வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் காட்டும். நிபோங் திபால் ஆசிரியரைக் கேட்டாலும் இதையே சொல்வார்.

டென்மார்க்கைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை உண்டு. நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மனும் டென்மார்க்கைச் சேர்ந்த அவருடைய சக ஆய்வாளரும் ஆராய்ந்தபோது, படிக்காத பெற்றோரின் பிள்ளை உயர்கல்வி பெறும் வாய்ப்பு, அத்தனை இலவசக் கல்விக்குப் பிறகும், டென்மார்க்கில் அமெரிக்காவைவிடப் பெரிதாக மேம்பட்டிருக்கவில்லை. வருமானத்தில் அந்நாடு சமமாக இருப்பதற்குக் காரணம், படிக்காதவருக்கும் படித்தவருக்கும் இடையே சம்பள இடைவெளி அங்கே குறைவு என்பதே. சுவீடனோ சொத்து வரியை 2007இலும் வாரிசு வரியை அதற்குச் சில ஆண்டுகள் முன்பும் நீக்கிவிட்டது. சம்பளத்தில் சமம் காட்டும் அந்த நாட்டில் சொத்து சிலரிடம் குவிந்து கிடக்கிறது. மேலும், நடுத்தர அமெரிக்கக் குடும்பம் செலவுக்குக் கையில் வைத்திருக்கும் பணம் பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளின் நடுத்தரக் குடும்பத்தைவிட அதிகம். உங்கள் சந்தேகம் நியாயமானது என்று இதனால்தான் சொல்கிறேன்.

கேள்வி: புள்ளிவிவரம் எனக்குப் புரிவதில்லை. ஒரு சாதாரணத் தாய்க்கு அங்கும் இங்கும் என்ன வேறுபாடு என்று சொல்லுங்கள்.
– இல்லத்தரசி, பட்டர்வொர்த்

பதில்: அம்மா, எங்கள் எதிர்வீட்டு அக்காவின் கதையைச் சொன்னால் போதும். செந்தூலில் எங்கள் தெருவில் குடியிருக்கும் அவர், சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் இருக்கும் மகளின் பேறுகாலத்துக்குப் போனார். சுக்கு, மிளகு, பூண்டு, பெருங்காயம், நல்லெண்ணெய் என்று பத்தியச் சாமான்களால் பெட்டியை நிரப்பிக்கொண்டு போனவர், திரும்பி வரும்போது கைப்பையில் நான்காக மடித்த சில காகிதங்களைக் கொண்டுவந்து என்னிடம் படித்துக் காட்டச் சொன்னார். ஒரே பிரசவத்துக்கு மருத்துவமனை தனியாக, மருத்துவர் தனியாக, மயக்க மருந்து கொடுத்தவர் தனியாக, இரத்தப் பரிசோதனைக் கூடம் தனியாக அனுப்பிய பில்கள் அவை. மகளுக்கும் மருமகனுக்கும் காப்பீடு இருந்தது; இருந்தும் அவர்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை ஒவ்வொரு காகிதத்தின் அடியிலும் தடித்த எழுத்தில் இருந்தது. "பிள்ளை பிறந்து ஆறாவது வாரமே வேலைக்குப் போய்விட்டாள், குழந்தைக்குத் தொப்புள் கூடச் சரியாக ஆறியிருக்காது என்று நான் அழுதேன்" என்றார். தொப்புள் ஆறியிருக்கும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் அழுதது அதற்காக இல்லை என்று எனக்குத் தெரியும்.

அமெரிக்காவில் சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுப்பை எல்லோருக்கும் தரும் கூட்டாட்சிச் சட்டம் இல்லை. 1993இல் வந்த சட்டம் 12 வாரம் விடுப்புக்கு வழி செய்கிறது, ஆனால் சம்பளம் கிடையாது. சிறிய நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு அதுவும் கிடையாது. சுவீடனில் ஒரு குழந்தைக்குத் தாயும் தந்தையும் சேர்ந்து 480 நாள் விடுப்பு எடுக்கலாம், உதவித்தொகையும் உண்டு. நம் மலேசியாவில் 60 நாளாக இருந்தது 2023 ஜனவரி முதல் 98 நாளாக உயர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் 2023 நிலவரப்படி இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் எந்த மருத்துவக் காப்பீடும் இல்லாமல் இருக்கிறார்கள். இங்கே நீங்கள் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளியை (ரிங்கிட்) கட்டிவிட்டு எண் சீட்டு வாங்கி உட்காருகிறீர்கள். காத்திருக்கும் நேரம் நீளம்தான், அதற்காக நாம் சலித்துக்கொள்ளவும் செய்கிறோம். ஆனால் அந்த ஒரு வெள்ளிக்காக எவரும் வீட்டை அடகு வைப்பதில்லை.

கேள்வி: இவ்வளவு இடைவெளி இருந்தும் அமெரிக்க மக்கள் ஏன் பொறுத்துக்கொள்கிறார்கள்?
– கல்லூரி மாணவி, செராஸ்

பதில்: ஏனென்றால் அவர்களில் பலர் தங்கள் நாட்டில் ஏழை மேலே வருவதற்கான வாய்ப்பை உண்மையில் இருப்பதைவிட அதிகமாக மதிப்பிடுகிறார்கள். அல்பெர்ட்டோ அலெசினா, ஸ்டெபனி ஸ்டான்சேவா, எதோவார்தோ தேசோ ஆகிய மூன்று பொருளாதார ஆய்வாளர்களும் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, சுவீடன் ஆகிய ஐந்து நாட்டு மக்களிடம் இதைக் கேட்டு 2018இல் வெளியிட்டார்கள். அமெரிக்கர்கள் மிகையான நம்பிக்கையோடும் ஐரோப்பியர்கள் மிகையான அவநம்பிக்கையோடும் இருந்தார்கள். அந்த நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் அடிப்படையும் இருந்தது. 1940இல் பிறந்த அமெரிக்கர்களில் பத்தில் ஒன்பது பேர் தங்கள் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். 1980களில் பிறந்தவர்களில் பாதிப் பேர்தான். தாத்தாவின் வாழ்க்கையைப் பார்த்து வந்த நம்பிக்கை பேரனிடம் இன்னும் இருக்கிறது.

கேள்வி: நமக்கு எதற்கு இந்த வெள்ளைக்காரர்கள் ஊர்க் கதை? தோட்டத்திலிருந்து வந்த நம் சமூகத்தைப் பற்றி எழுதுங்கள்.
– தொழிற்சங்க உறுப்பினர், பிறை

பதில்: தோழரே, நானும் தோட்டத்துப் பிள்ளைதான். விடியற்காலை இருட்டில் என் அம்மா தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும்போது, தூக்கம் கலையாத என்னை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார். வரிசையாகத் தொங்கும் சாக்குத் தொட்டில்களும், பால் கலந்து கொடுக்கும் தகரக் குவளையும், நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே ஆயாவாக இருந்த கிழவியின் கரகரத்த குரலும் இன்றும் நினைவில் இருக்கின்றன. அந்த ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்களில் யாரும் செத்துப் போகாமல் பார்த்துக்கொண்டது அவருடைய பெரும் சாதனை. ஒரு வார்த்தை கூடுதலாகக் கற்றுக்கொடுக்க அவருக்கு நேரமும் இல்லை, வழியும் இல்லை. டென்மார்க்கில் குழந்தைக்கு ஆறு மாதம் ஆனவுடன் பயிற்சி பெற்றவர்கள் நடத்தும் பராமரிப்பு நிலையத்தில் இடம் தர வேண்டியது நகராட்சியின் கடமை என்றும், செலவில் கால் பங்குக்கு மேல் பெற்றோரிடம் வாங்கக் கூடாது என்றும் படித்தபோது, நான் நினைத்தது அந்தக் கொட்டகையைத்தான். வெள்ளைக்காரர் ஊர்க் கதை எனக்கு வேண்டியிருப்பது அதனால்தான்.

பிள்ளைப் பருவத்து இடம் ஒரு மனிதரை எப்படி மாற்றுகிறது என்பதற்கு அமெரிக்காவிலேயே ஒரு பெரிய சோதனை நடந்தது. 1994 முதல் 1998 வரை பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில், அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் இருந்த ஏழைக் குடும்பங்களில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயர வாடகை உதவி கொடுத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து ராஜ் செட்டியின் குழுவினர் அந்தப் பிள்ளைகளின் வருமானத்தைப் பார்த்தபோது, 13 வயதுக்கு முன்பே இடம் மாறியவர்கள் இருபத்தைந்து வயதை ஒட்டிய பருவத்தில் மற்றவர்களைவிட 31 விழுக்காடு அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். 13 வயதைக் கடந்த பிறகு மாறியவர்களுக்கு அந்தப் பயன் கிடைக்கவில்லை. தோட்டங்கள் கைமாறியபோது நம் குடும்பங்களும் இடம் பெயர்ந்தன. ஆனால் வாடகை உதவியோடு நல்ல பள்ளி இருக்கும் இடத்துக்கு யாரும் நம்மை அனுப்பவில்லை. லயம் எனும் தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து புறம்போக்குக் குடிசைக்கும், அங்கிருந்து மலிவு விலை அடுக்குமாடிக்கும் போனோம். பிள்ளைகள் அந்த நகர்வுகளின் நடுவே எட்டு வயதிலும் பத்து வயதிலும் இருந்தார்கள்.

மலேசியாவின் மொத்தக் கணக்கு நல்ல திசையில்தான் போயிருக்கிறது. 1970இல் 0.513 ஆக இருந்த ஜினி குறியெண் 2022இல் 0.404. இதை ஐரோப்பாவின் எண்களோடு நேரடியாக வைத்துப் பார்க்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் புள்ளிவிவரத் துறை தரும் அந்த எண் வரி பிடிப்பதற்கு முந்தைய வருமானத்தைக் கொண்டது. உங்கள் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுவீர்களானால், சம்பள உயர்வுக் கோரிக்கையோடு தொழிற்சாலையில் குழந்தைப் பராமரிப்பு நிலையம் வேண்டும் என்ற கோரிக்கையையும் சேர்த்து வையுங்கள். இரவு நேர ஷிப்டில் நிற்கும் உங்கள் சகோதரிகள் யார் வீட்டில் பிள்ளையை விட்டு வருகிறார்கள் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஐந்தாம் படிவத்து இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டேன். என்னைப் போன்றவன் மேலே வர எந்த நாட்டுக்குப் போகலாம்?
– 18 வயது வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: தம்பி, மேலே சொன்ன எண்கள் எல்லாம் அந்தந்த நாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளைப் பற்றியவை. வெளியிலிருந்து போகிறவர்களின் கணக்கு வேறு. அமெரிக்காவில் குடியேறிய ஏழைப் பெற்றோரின் பிள்ளைகள், அங்கேயே பிறந்த ஏழைப் பெற்றோரின் பிள்ளைகளைவிட அதிகமாக உயர்கிறார்கள் என்பது நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட பதிவுகளில் தெரிகிறது. ஆனால் படிக்கப் போகும் உனக்கு அங்கே முதலில் வந்து நிற்பது கல்விக் கட்டணம். அமெரிக்க மாணவர்களே மொத்தம் ஒன்றரை இலட்சம் கோடி டாலருக்கு மேல் கல்விக் கடன் சுமக்கிறார்கள். முழு உதவித்தொகை கிடைத்தால் மட்டும் போ.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது, மற்றும் சில பல்கலைக்கழகங்களும் வாங்கத் தொடங்கியுள்ளன. சேரும் இடத்தை விசாரித்துக்கொள். இலவசம் என்ற சொல்லை மட்டும் கேட்டு முகவரிடம் பணம் கட்டிவிடாதே. மாணவர் விசாவுக்கு ஓராண்டுச் செலவுக்கான தொகையை மாதாமாதம் சிறிது சிறிதாக மட்டும் எடுக்கக்கூடிய முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. உன் அப்பா லாரி ஓட்டிச் சேர்க்க அது சிறிய தொகை இல்லை. எஸ்.பி.எம். சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே நேரடியாகப் பல்கலைக்கழகத்தில் சேரவும் முடியாது. ஆகவே இப்போதைக்கு, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய கட்டமான எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் படிப்பில் சேர்ந்துகொள். அந்தக் காலத்தில் ஜெர்மன் மொழியைத் தொடங்கு. அடிப்படைப் பாடங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. உன் எஸ்.பி.எம். முடிவுகளையும் நீ படிக்க விரும்பும் துறையையும் இந்தப் பகுதிக்கு எழுதி அனுப்பு. விண்ணப்பக் கடிதத்தை நாம் சேர்ந்து எழுதலாம்.